பேட்டியோ ஸ்லைடிங் டோருக்கு மோட்டார் போடப் போறீங்களா? முதல்ல லக்கேஜ் தராசை எடுங்க

சிங்கப்பூர்ல எங்க வீடு கொண்டோல கிரவுண்ட் ஃப்ளோர். பின்னாடி சின்னதா ஒரு பிஇஎஸ், அதாங்க வேலி போட்ட பேட்டியோ, அதுல அம்மா ஒரு கறிவேப்பிலை, ரெண்டு மல்லிகைச் செடி, ஐஸ்கிரீம் டப்பால புதினானு வச்சிருக்காங்க. ஹாலுக்கும் அதுக்கும் நடுவுல பெரிய கண்ணாடி ஸ்லைடிங் டோர். அம்மாவுக்கு 76 வயசு, முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் சக்கரம் வச்ச வாக்கர்லதான் நடை, ஒரு கையில வாக்கரப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால அந்தக் கதவ இழுக்கறது அவங்களால ஆகாத காரியம், அதனால காலைல நான் தொறந்து வச்சா நான் ஆபீஸ்ல இருந்து வர்ற வரைக்கும் தொறந்தபடியே கிடக்கும். உள்ள ஏர்கான் ஓடும், வெளிய இருந்து கொசு வரும், ஏடிஸ் பகல்லயே கடிக்கிற ஜாதி வேற, மழை அடிச்சா பார்க்கே ஃப்ளோர் நனையும். சரி, வீட்ல லைட்டு ஃபேன் ஏர்கான் எல்லாத்தையும்தான் ஸ்மார்ட் ஆக்கியாச்சே, கதவு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுனு ஆரம்பிச்சேன். ஆறு மாசம் ஓடிடுச்சு. அதுல என்னென்ன பாத்தேன், எதை வேணாம்னேன், எதை வாங்குனேன்னு எழுதுறேன், உங்க வீட்டுக் கதவு வேற மாதிரி இருந்தா உங்க முடிவும் வேறயா வரலாம்.

முதல் தப்ப முதல்லயே சொல்லிடுறேன். நான் மோட்டார்ல இருந்து ஆரம்பிச்சேன். கதவுல இருந்து ஆரம்பிச்சிருக்கணும்.

வந்து பாத்த முதல் கான்ட்ராக்டர் கதவ ஒருதடவை ஆட்டிப் பாத்துட்டு "ஹெவி லா பாஸ், பெரிய மோட்டார் போடணும்"னு சொல்லி ஒரு பெரிய ரேட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். எனக்கு அது இடிச்சுது. கண்ணாடி கணக்கு சிம்பிள்தான், 1 மில்லிமீட்டர் தடிமன்னா ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டரை கிலோ, எங்க கதவு 8 மில்லிமீட்டர், ஒரு பேனல் 1.1 மீட்டர் அகலம் 2.3 மீட்டர் உயரம், ஆக கண்ணாடி மட்டும் 50 கிலோ, அலுமினிய ஃப்ரேமையும் சேத்தா 60 கிலோ பக்கம் வரும். ஆனா 60 கிலோ கதவ யாரும் தூக்கப் போறதில்ல, உருட்டத்தானே போறோம், உருட்டறதுக்கு எவ்வளவு இழுக்கணும்ங்கறதுதான் கேள்வி. ஊருக்குப் போறப்போ பெட்டி 30 கிலோக்குள்ள இருக்கானு பாக்க முஸ்தஃபால வாங்குன கொக்கி தராசு ஒண்ணு வீட்ல இருந்துச்சு. கைப்பிடில ஒரு கயித்தக் கட்டி, தராசு கொக்கிய மாட்டி, மெதுவா இழுத்தேன். கதவு அசையற நேரத்துல 11.4 கிலோ காட்டுச்சு. அம்மாவால ஏன் முடியலன்னு அப்பதான் புரிஞ்சுது, எனக்கே தோள் புடிச்சுக்கிச்சு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை நானும் மச்சானும் சேந்து பேனல கழட்டி சோபா மேல சாய்ச்சு வச்சு அடியில பாத்தோம். ரெண்டு ரோலர். ஒண்ணு சுத்தவே இல்ல, அச்சுல நீளமான முடி சுத்தி, அதுல செம்மண்ணு, காஞ்ச கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் சேந்து சிமென்ட் மாதிரி ஆயிருந்துச்சு. இன்னொண்ணோட பிளாஸ்டிக் சக்கரம் ஒரு பக்கம் தேஞ்சு தட்டையா. இத்தன நாளா கதவு உருளவே இல்ல, சறுக்குன்னு தேச்சுக்கிட்டுதான் போயிருக்கு. புது ரோலர் ரெண்டு போட்டு, கீழ டிராக்க வேக்குவம் பண்ணி, மழைத்தண்ணி வடியற ஓட்டைல குச்சி விட்டு நோண்டி, சிலிக்கான் ஸ்ப்ரே அடிச்சோம். எண்ணெய் ஊத்தாதீங்க, எண்ணெய் மண்ணப் புடிச்சு வச்சுக்கும், மூணு மாசத்துல பழைய கதைதான். பேனல் ஓரத்துல கீழ ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதத் திருப்பி ரோலர் உயரத்த சரி பண்ணலாம். எல்லாம் முடிச்சுட்டு மறுபடி தராசு மாட்டுனா 2.8 கிலோ.

இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுலதான் மொத்த முடிவும் இருக்குனு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. கரண்டு செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், கதவ செகண்டுக்கு 20 சென்டிமீட்டர் வேகத்துல ஓட்ட முன்னாடி 22 வாட் வேணும், இப்ப 6 வாட் கூட வேணாம். அத விட முக்கியம் சேஃப்டி. மோட்டாருக்கு நடுவுல ஏதோ தடுக்குதுனு எப்படித் தெரியும்? வழக்கத்த விட அதிகமா இழுக்க வேண்டியிருக்குனு கரண்ட வச்சு, இல்ல வேகம் குறையறத வச்சுக் கண்டுபிடிக்கும். கதவே 11 கிலோ இறுக்கமா இருந்தா, நிக்கற லிமிட்ட அதுக்கும் மேல வச்சாத்தான் மோட்டார் நிக்காம ஓடும், அப்ப நடுவுல அம்மாவோட கை மாட்டுனாலும் அதுக்கு ஒரு டிராக் அழுக்கு மாதிரிதான் தெரியும், அமுக்கிக்கிட்டே போகும். கதவு லேசா ஓடுனா லிமிட்ட 5, 6 கிலோல வைக்கலாம், கைய வச்சா உடனே நின்னு திரும்பிப் போகும். ஆக "பெரிய மோட்டார்" சொல்றவர் பிரச்சினைய மூடி மறைக்கிறார், அவ்ளோதான். வேகமும் அப்படித்தான், 60 கிலோ கதவு 0.2 மீட்டர் வேகத்துல வந்தா 1.2 ஜூல், அதையே 0.4 ஆக்குனா ரெண்டு மடங்கு இல்ல, 4.8 ஜூல். மால்ல கதவு சர்ருனு தொறக்குதேனு வீட்லயும் அந்த வேகம் கேக்காதீங்க.

சரி, இப்ப ஆப்ஷன்களுக்கு வர்றேன்.

மோட்டாரே வேணாம்னு ஒரு வழி இருக்கு, அத முதல்ல யோசிக்கணும். கதவுல ஒரு ஸிக்பீ (ஸ்மார்ட் ஹோம் ஐட்டங்க பேசிக்கிற வயர்லெஸ் முறை) கான்டாக்ட் சென்சார், அதாவது கதவு தொறந்திருக்கா சாத்தியிருக்கானு சொல்ற சென்சார் ஒட்டி, மூணு நிமிஷத்துக்கு மேல தொறந்திருந்தா ஏர்கான் ஆஃப், ஸ்பீக்கர்ல ஒரு மணி சத்தம். செலவு முப்பது வெள்ளிக்குள்ள. வீட்ல எல்லாருக்கும் கை கால் நல்லா இருந்து, மறதிதான் பிரச்சினைன்னா இது போதும், மேல படிக்காம போய் ரோலர மட்டும் மாத்துங்க. எங்க வீட்லயும் இத ரெண்டு வாரம் ஓட்டுனேன். மணி அடிச்சா அம்மா என்ன பண்ணுவாங்க, அவங்களால சாத்த முடியாதே, ஸ்பீக்கர் வயரப் புடுங்கி விட்டுட்டாங்க. ஆனா ரோலர் மாத்துன அப்புறம் அவங்களே கதவத் தொறக்க ஆரம்பிச்சாங்க, அது ஒரு பெரிய விஷயம்தான். சாத்தறதுதான் நடக்கல. வாக்கரோட வெளிய போய்ட்டு, திரும்பி நின்னு, பின்னாடி கதவ இழுக்கணும், வாக்கர் வச்சிருக்கறவங்களுக்குத் திரும்பறதுதான் பெரிய ஆபத்து.

காந்தம் வச்ச கொசுவலைத் திரையும் பாத்தேன், வாக்கர் சக்கரத்துல சுத்திக்கிச்சு, அன்னைக்கே கழட்டியாச்சு. கரண்டே இல்லாம ஸ்ப்ரிங் வச்சு தானா சாத்திக்கிற செட்டும் கிடைக்குது, லேசான கதவுக்கு அருமை, ஆனா 60 கிலோ கண்ணாடிய இழுத்துச் சாத்தற அளவுக்கு ஸ்ப்ரிங் டைட்டா இருந்தா தொறக்கறப்ப அதையும் சேத்து அம்மாதான் இழுக்கணும். வேணாம்.

அடுத்தது ஆபீஸ், மால், கிளினிக்ல இருக்கற மாதிரி ஃபுல் ஆட்டோமேட்டிக் ஆபரேட்டர். டோர்மகாபா, கேஸே, நாப்கோ மாதிரி பெயருங்க. மேல நீளமா ஒரு பெட்டி, அதுக்குள்ள பிரஷ்லெஸ் மோட்டார், பெல்ட்டு, கன்ட்ரோல் போர்டு, கூடவே பேட்டரி பேக்கப்பும் போட்டுக்கலாம், ஆள் வர்றதப் பாக்க ராடார், நடுவுல ஆள் நிக்கறாங்களானு பாக்க இன்ஃப்ராரெட் திரை. இதுங்களுக்கு ஐரோப்பால ஈஎன் 16005ன்னு ஆளுங்க போற மோட்டார் கதவுக்கான தனி சேஃப்டி ஸ்டாண்டர்டே இருக்கு, அந்த விஷயத்துல மத்த எதுவும் பக்கத்துல வராது. பிரச்சினை என்னன்னா இந்தச் செட்ல கதவு மேல இருந்து தொங்கும், நம்ம பேட்டியோ கதவு கீழ ரோலர்ல உக்காந்திருக்கு. அதனால பெரும்பாலும் கதவையே மாத்தணும், மேல பீமுக்குக் கீழ இடம் வேணும், கர்ட்டன் டிராக் எங்க போறதுன்னு யோசிக்கணும். வெளிப்பக்கத் தோற்றம் மாறுதுன்னா எம்சிஎஸ்டி, அதாவது கொண்டோ நிர்வாகத்துக்கிட்ட அனுமதி கேக்கணும், கொண்டோல இருக்கறவங்களுக்கு அந்த ஃபார்ம் எவ்வளவு சுகமான அனுபவம்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. எனக்கு வந்த ரேட்டு கதவோட சேத்து நாலு இலக்கத்துல மேல் பக்கம். லேண்டட் வீடு (தரையோட இருக்கற தனி வீடு), புதுசா ரெனோவேஷன், வீல்சேர்ல ஒருத்தர் இருக்காங்கன்னா யோசிக்காம இத எடுங்க, சுவத்த உடைக்கறப்பவே வயரும் இழுத்துடலாம். ஓடிட்டிருக்கற வீட்ல எனக்கு மனசு வரல.

இதோட ஸ்டைலான தம்பி ஒண்ணு இருக்கு, காந்த லீனியர் மோட்டார் கதவு, பெல்ட்டே கிடையாது, மேல டிராக்குக்குள்ளயே காயில், கதவு தொங்கற வண்டில காந்தம், சத்தமே இல்லாம நழுவிப் போகும். இன்டீரியர் டிசைனர் காட்டுற படத்துல கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்குமே, அதான். உள் கதவுக்கு அழகு, லேசாத் தள்ளுனா மீதிய அதுவே பாத்துக்கும். ஆனா மழை, காத்து, மண்ணு படுற வெளிக்கதவுக்கு நான் வைக்க மாட்டேன். விடியக்காலைல சுமத்ரா ஸ்குவால் அடிச்சா மணிக்கு 40ல இருந்து 80 கிலோமீட்டர் வரைக்கும் காத்து வீசும், அந்த நேரத்துல கண்ணாடி டிராக்கு மேல அழுந்தும், மெல்லிசு மோட்டார் திணறும்.

மூணாவது, நாமளே செய்றது. என் மச்சான் ஈசூன்ல இருக்கான், கை சும்மா இருக்காது, சிம் லிம் டவர்ல அலைஞ்சு 24 வோல்ட் கியர் மோட்டார், ஈஎஸ்பி32ங்கற வைஃபை உள்ள குட்டி கன்ட்ரோல் போர்டு, கரண்ட் பாக்க ஐஎன்ஏ219, ரெண்டு பக்கமும் லிமிட் ஸ்விட்ச், பெல்ட்டுனு வாங்கி அவன் பால்கனி கதவுக்கு ஒண்ணு செஞ்சுட்டான். முதல்ல 3டி பிரிண்டர்ல வர்ற ஜிடி2 பெல்ட்டப் போட்டான், பல்லு 2 மில்லிமீட்டர்தான், ரெண்டு நாள்ல தாண்டித் தாண்டிப் போக ஆரம்பிச்சுது, அப்புறம் 5 மில்லிமீட்டர் பல்லு இருக்கற ஹெச்டிடி பெல்ட்டுக்கு மாறுனான், சரியாச்சு. செலவு எல்லாத்தையும் விடக் கம்மி, சொந்தமா செஞ்ச சந்தோஷம் தனி, அதுல எனக்கும் பொறாமைதான்.

ஆனா அவன் செட்டப்புல ஒருநாள் நடந்தத சொல்றேன். கதவ எங்க நிறுத்தணும்ங்கற லாஜிக்க ஹோம் அசிஸ்டன்ட்ங்கற ஸ்மார்ட் ஹோம் சாஃப்ட்வேர் ஓடற மினி பிசில வச்சிருந்தான். கதவு பாதி வழில போறப்ப வைஃபை ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆச்சு. நில்லுங்கற மெசேஜ் வந்து சேரவே இல்ல, மோட்டார் பெல்ட்ட இழுத்துக்கிட்டே நின்னுது, பிளாஸ்டிக் பிராக்கெட் உடைஞ்சப்பதான் ஓய்ஞ்சுது. மாட்டுனது பிராக்கெட்டா இல்லாம குழந்தை விரலா இருந்திருந்தா? அதுக்கப்புறம் நிறுத்தறது, திரும்பறது, நேரம் தாண்டுனா கட் பண்றது எல்லாத்தையும் போர்டுக்குள்ளயே எழுதிட்டான். நீங்க சொந்தமா செஞ்சாலும் சரி வாங்குனாலும் சரி, ஸ்மார்ட் ஹோம் பக்கம் "தொற", "சாத்து"ன்னு கேக்கறதோட நிக்கணும், எப்ப நிக்கணும்ங்கறத கதவுப் பக்கம் இருக்கற பெட்டிதான் முடிவு பண்ணணும்.

லீனியர் ஆக்சுவேட்டர், கேட் மோட்டார் போட்டுக்கலாம்னு சொல்றவங்களும் உண்டு. ஆக்சுவேட்டருக்குள்ள இருக்கறது ஸ்க்ரூ, கேட் மோட்டார்ல பெரும்பாலும் வார்ம் கியர், ரெண்டுமே கரண்டு இல்லன்னா கையால தள்ளி அசைக்க முடியாது. கேட் மோட்டாருக்காவது விடுவிக்க ஒரு சாவி இருக்கும், ஆனா புகை வந்தா அம்மா அத எங்கனு தேடுவாங்க. சிங்கப்பூர்ல கரண்டு எங்க போகுதுன்னு கேப்பீங்க, தெருவுல போகாது, வீட்டுக்குள்ள போகும். போன டிசம்பர்ல மழைச்சாரல் பேட்டியோ பாயிண்ட்ல பட்டு ஆர்சிசிபி, அதாவது கரண்டு கசிஞ்சா தானா கட் பண்ற ஸ்விட்ச், டிரிப் ஆகி மத்தியானம் முழுக்க வீடே இருட்டு. அதனால மோட்டார் செத்தாலும் கையால தள்ளுனா கதவு ஓடணும்ங்கறத முதல் கண்டிஷனா வச்சேன், அதுலயே பாதி ஐட்டம் அடிபட்டுப் போச்சு.

கடைசில நான் எடுத்தது இருக்கற கதவு மேலயே மாட்டுற ரெட்ரோஃபிட் வகை. ஆட்டோஸ்லைட் மாதிரி கம்பெனிங்க இதுக்குன்னே செய்றாங்க, முதல்ல நாய் பூனை போய்ட்டு வர்றதுக்குன்னு பேர் வாங்குனது, பெட் மோட்ல வச்சா பிராணி நுழையற அளவுக்கு மட்டும் தொறக்கும். ஒரு பெட்டி ஃப்ரேம்ல உக்காரும், கதவு மேல நீளமா ஒரு பல்லுப் பட்டை ஒட்டணும், பெட்டில இருக்கற பல்லுச்சக்கரம் அதத் தள்ளிக்கிட்டுப் போகும். கதவ மாத்த வேணாம், கான்ட்ராக்டர் வேணாம், எம்சிஎஸ்டி தலைவலி இல்ல ஏன்னா எல்லாமே உள்பக்கம். அடாப்டர்ல ஓடும், சாதாரண 13 ஆம்ப் பாயிண்ட் போதும். பக்கத்துல பாயிண்ட் இல்லாம புதுசா இழுக்கணும்னா மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க, அதுல மிச்சம் புடிக்காதீங்க.

குறை இல்லாம இல்ல. பாக்க அழகு இல்ல, என் மனைவி இன்னமும் அத "அந்த டப்பா"ன்னுதான் சொல்றா. சத்தம் வரும், பழைய பிரிண்டர் பேப்பர் இழுக்கற மாதிரி ஒரு சத்தம். பட்டைய ஒட்டறப்ப கோடு ஒரு மில்லிமீட்டர் சாஞ்சாலும் ஒரு முனைல இறுகும், நான் ரெண்டு தடவை பிச்சு ஒட்டுனேன். முக்கியமா இது பூட்டு கிடையாது. மோட்டார் கதவப் புடிச்சு வச்சிருக்கும், ஆனா பலமா இழுத்தா வரும், அதனால ராத்திரி பழைய கொக்கிப் பூட்ட கையாலதான் போடறோம். பூட்டியிருக்கறப்ப யாராவது பட்டன அமுக்குனா மோட்டார் கொக்கியோட மல்லுக்கட்டும், அதுக்கு பூட்டுல காந்தம் பக்கத்துல வந்தா வேலை செய்ற ஒரு குட்டி ரீட் ஸ்விட்ச் வச்சு, பூட்டு விழுந்திருந்தா "தொற" சிக்னலே போகாதபடி பண்ணியிருக்கேன். லிஃப்ட் அண்ட் ஸ்லைட் கதவு, அதாவது கைப்பிடியத் திருப்புனா பேனல் மேல எழும்பி அப்புறம் ஓடற வகை வச்சிருக்கறவங்களுக்கு இது எதுவுமே ஒத்துவராது.

வாங்கறப்ப நான் ஆப்ப விட டிரை கான்டாக்ட் இருக்கானுதான் பாத்தேன். ரெண்டு வயர தொட்டா தொறக்கற ஒரு இன்புட். அது இருந்தா ஷெல்லி கம்பெனி ரிலே, ஸிக்பீ ரிலே எதையும் மாட்டிக்கலாம், நாளைக்கு கம்பெனி ஆப்ப மூடிட்டுப் போனாலும் நம்ம கதவு நம்ம கிட்ட இருக்கும்.

சென்சார் விஷயத்துல ஒரு மாசம் வீணாப் போச்சு. உள்ள மோஷன் சென்சார் வச்சா ஹால்ல டிவி பாக்கப் போறவங்களுக்கெல்லாம் கதவு மரியாதையாத் தொறந்து விடுது. வெளிய பிஐஆர் வச்சா மத்தியானத்துல ஆளையே தெரியல, அது உடம்புச் சூட்டுக்கும் சுத்துப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தப் பாக்கற ஐட்டம், நம்ம ஊர் வெயில்ல அந்த வித்தியாசம் ரொம்பக் கம்மி. எம்எம்வேவ்ங்கற ராடார் சென்சார் வச்சா காத்துல ஆடற மல்லிக்கொடியெல்லாம் ஆளாத் தெரியுது. வாய்ஸ் கமாண்டு அம்மாவுக்கு ஒத்துவரல, பெட்டிகிட்ட பேசறதுக்கு வெக்கப்படுறாங்க. கடைசில பட்டன்தான். வாக்கர் கைப்பிடில ரப்பர் பேண்ட் போட்டு ஒரு ஸிக்பீ பட்டன், வெளிச்சுவத்துல ஒண்ணு, உள்ள ஒண்ணு. தொறந்து 25 செகண்ட் கழிச்சு தானா சாத்தும், நடுவுல ஆள் இருந்தா சாத்தாது. அதுக்கு பீம் சென்சார் ரெண்டு உயரத்துல வச்சேன், முதல்ல இடுப்பு உயரத்துல ஒண்ணு மட்டும் வச்சிருந்தேன், வாக்கரோட ரெண்டு கம்பிக்கு நடுவுல பீம் நேரா பூந்து போயிடுச்சு, ஆள் இல்லைனு நினைச்சு கதவு கிளம்பிடுச்சு. லிமிட் கம்மியா இருந்ததால வாக்கரத் தொட்ட உடனே திரும்பிடுச்சு, அம்மா திட்டுனதோட போச்சு. இப்ப கணுக்கால் உயரத்துல இன்னொண்ணு இருக்கு.

மேல் மாடில பால்கனி கதவுக்கு இத யோசிக்கறவங்களுக்கு, அது கொண்டோவா இருந்தாலும் ஹெச்டிபியா, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடா இருந்தாலும், சின்னக் குழந்தையோ பூனையோ வீட்ல இருந்தா தானா தொறக்கற சென்சார் பக்கமே போகாதீங்க. தானா சாத்தறது ஓகே, தொறக்கறது பெரியவங்க கைக்கு எட்டற உயரத்துல பட்டனாத்தான் இருக்கணும். எங்களுது தரை, அதனால தப்பிச்சோம், இருந்தும் பக்கத்து வீட்டுப் பையன் வந்தா உள் பட்டன ஆஃப் பண்ணிடுவேன், அவனுக்கு அது லிஃப்ட் விளையாட்டு.

மழை சென்சார் இன்னும் டப்பால இருக்கு, மாட்டல. மாசம் ஒருதடவை டிராக்க வேக்குவம் பண்ணி, பெட்டியோட கிளட்ச விடுவிச்சுட்டு, தராசு மாட்டி இழுத்துப் பாத்து ஃப்ரிட்ஜ் கதவுல எழுதி வைக்கறேன். போன மாசம் 3.1. நாலத் தாண்டுனா மறுபடி மச்சானக் கூப்பிட்டுப் பேனல கழட்டணும், அம்மா முடி இன்னும் கொட்டிக்கிட்டுதான் இருக்கு.